சேவலைத் திருப்பிக் கேட்ட துமிரா

துமிராவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய தொண்டையைத்தான் சொல்வார்கள். குன்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் தன் ஆட்டைத் திட்டினால், அந்தப் பக்கம் மேய்கிற ஆடுகளும் தலை தூக்கிப் பார்க்கும். மரவள்ளி மாவை அவித்து, தேங்காய்த் துருவல் தூவி, தேக்கிலையில் மடித்து வாசலிலேயே விற்பாள். முதல் மழைக்குப் பிறகு வெட்டுக்கிளி வறுத்து விற்பாள். விலை குறைத்துக் கேட்டால் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொள்வாள்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. புலுங் விழுந்த வீட்டுக்குள் நடந்துபோய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தவள் எங்கள் குன்றுகளில் அவள் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் வெட்டுக்கிளியைச் சொல்லி என்ன பயன்?

புலுங் என்றால் இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தி நேரத்தில் வானத்திலிருந்து வால் முளைத்த ஒளி ஒன்று இறங்கும். நீலம் கலந்திருக்கும் என்பார்கள். எந்தக் கூரையில் அது விழுகிறதோ, அந்த வீட்டில் ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வார். விழுந்தால் விழுந்ததுதான், தடுக்க முடியாது. அதைப் பற்றிப் பேசவும் கூடாது, பேசினால் நம் வீட்டுக்கும் வழி தெரிந்துகொள்ளும். இப்படித்தான் எங்கள் அம்மாக்கள் எங்களுக்குச் சொன்னார்கள், அவர்களுக்கு அவர்களுடைய அம்மாக்கள்.

துமிராவின் கணவன், கஸீமின் என்று பேர், அப்படித்தான் போனான். மகள் தட்டுத்தடுமாறி நடக்கப் பழகிய வருஷம் அது. ஊரே வந்து அழுதது. "புலுங் விழுந்துச்சு, பாவம் அவன் என்ன பண்ணுவான்" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்தான், அதில் வஞ்சகம் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் செத்தவன் மேலும் பழியில்லை, பெண்டாட்டி மேலும் பழியில்லை. வேறொருத்தி என்றால் நன்றியோடு வாங்கிக்கொண்டிருப்பாள். இவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஏழாம் நாள் துவாவுக்குக் கூடியிருந்தவர்கள் நடுவில் எழுந்து நின்றாள்.

"எந்த வெளிச்சமும் என் புருஷனக் கூட்டிட்டுப் போகல. தூக்கமே வரலன்னு என்கிட்ட சொன்னாரு. நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுதுன்னு அவங்க அண்ணன்கிட்ட சொன்னாரு. கேட்ட நாங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நின்னோம். இதுல புலுங் எங்கய்யா வந்துச்சு?"

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பல வருஷம் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். அவளும் அதற்காகக் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை.

இனி வகிதி அண்ணனுக்கு வருகிறேன்.

எங்கள் சந்தில் கடைசி வீடு அவருடையது. அப்போது அவர் மனைவி சுமீனா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் தர்மான் கடல் தாண்டி, போர்னியோவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறான், பெருநாளைக்குப் பெருநாள் போன் வரும். வகிதிக்கு இரண்டு முழங்காலும் வலி. துணை என்று சொன்னால் ஒரு கூண்டுப் புறா. விடிந்ததும் கூண்டைத் துடைத்து, தீனி வைத்து, முற்றத்தில் நட்டிருக்கும் நெட்டை மூங்கில் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிடுவார். அது அங்கிருந்து பாட, கீழே அவர் சீட்டியடிக்க, எங்கள் சந்துக்கு அதுதான் விடியல்.

ஒரு அந்தியில் மங்குன் பெரியப்பா குளத்திலிருந்து வரும்போது, வகிதியின் கூரையில் ஒளி விழுந்ததைப் பார்த்தேன் என்றார். மறுநாள் காய்கறி விற்பவள் வருவதற்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. யாரும் வகிதியிடம் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? காய்கறிக்காரி அவர் வாசலில் நிற்காமல் போனாள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாமல் இழுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசலில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பொருள்களைக் கொடுக்க ஆரம்பித்தார். சேவலை மங்குனுக்குக் கொடுத்தார். ரேடியோவை ஊர்த்தலைவர் ஹர்தோயோவுக்கு. சுமீனாவின் பூப்போட்ட குடை எங்கள் வீட்டுக்கு வந்தது, என் மருமகள் வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். எல்லோரும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டோம். போகிறவர் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். இன்னும் போகாதவரைப் போனவராக ஆக்கி நாங்கள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒரு காலை புறாக் கூண்டைத் தூக்கிக்கொண்டு துமிராவின் வாசலுக்கு வந்தார். அவளுக்கு இலை மடித்துக் கொடுக்க நானும் அங்கே இருந்தேன்.

"துமிரா, இத நீ வெச்சுக்க."

"எதுக்கு?"

"சும்மாதான். நல்லாப் பாடும்."

"நான் பாடினாலே ஊரு தாங்காது, இதுல இது வேறயா."

அவர் சிரிக்கவில்லை. துமிரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சேவல் எங்க?"

"மங்குன் அண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

"ரேடியோ?"

"தலைவருக்கு."

அவள் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு அவருக்கு நேராக வந்து நின்றாள்.

"அண்ணே, சாகணும்னு நினைக்கிறீங்களா?"

என் கை நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் யாரும் யாருடைய முகத்தைப் பார்த்தும் கேட்டதில்லை. நான் பின்னாலிருந்து அவளைப் பிடித்து இழுத்தேன். தட்டிவிட்டாள்.

வகிதி கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்களே."

"எல்லாரும் கெடக்கட்டும். நான் உங்களக் கேட்டேன்."

"தெரியல. வலிக்குது. கண்ண மூடினா தூக்கம் வரல. சுமீனா போனதுலேர்ந்து வீட்டுல ஒரு டம்ளர் நகர்ற சத்தம்கூட இல்ல. பேசாம முடிஞ்சுட்டாத் தேவலன்னு ஏற்கெனவே தோணிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப இதுவும் விழுந்துடுச்சா... வண்டி வாசல்ல வந்து நிக்குது, நான்தான் ஏறாம நிக்கிற மாதிரி இருக்கு. எல்லாரும் என்னயப் பாத்து, இன்னும் கெளம்பலையான்னு கேக்குற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அழுதார். அவ்வளவு வயசானவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடிக்கும்வரை துமிரா ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை அறிந்தவர்களுக்கு அதுவே அதிசயம்.

"சரி. சொன்னீங்களே, நல்லது. இன்னைக்கு இங்கயே இருங்க" என்றாள். என்னைப் பார்த்து, "நீ இவரு கூடவே இரு. அண்ணன் எங்க போனாலும் நீயும் போ. வெக்கப்பட்டாருன்னா திரும்பி நின்னுக்க" என்றாள். மகளைக் கூப்பிட்டு, வகிதியின் வீட்டில் ஆபத்தாகத் தோன்றுவதையெல்லாம் எடுத்துவந்து நம் அலமாரியில் வைத்துப் பூட்டு என்றாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

முதலில் மங்குன் வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, சேவல் எங்க?"

"எந்தச் சேவல்?"

"வகிதி அண்ணன் குடுத்தது."

"அதுவா... அது வந்து..."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்: "தின்னாச்சுடி!"

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் முத்தல்."

துமிராவுக்கு வந்த கோபத்தில் சந்து முழுக்க ஜன்னல் திறந்தது. "உயிரோட இருக்கிற மனுஷனோட சேவல இழவு வீட்டுச் சோறு மாதிரி தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே, அடுக்குமா? வேற சேவல் புடிங்க. புடிச்சு உங்க கையாலயே கொண்டாந்து குடுங்க."

"நான் என் கண்ணால பாத்தேன்டி! நீலமா, வாலோட..."

"உங்க கண்ணு எனக்குத் தெரியாதா? போன பெருநாளைக்குச் சம்பந்தியம்மாவப் பாத்து, வாடி வீட்டுக்குப் போலாம்னு கூப்பிட்ட கண்ணுதான அது?"

உள்ளேயிருந்து மனைவி சிரித்த சிரிப்பில் மங்குனின் சுருட்டு சிதறிவிட்டது.

தலைவர் ஹர்தோயோ கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் மெதுவாக, சத்தமில்லாமல் முடிக்க வேண்டும் அவருக்கு. ரேடியோவைத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

"துமிரா, பெரியவங்க சொல்லிட்டுப் போனது. நாம என்ன பண்ண முடியும்? ஊர்ல ரகளை பண்ணாத. நீ அங்க போனா உன் வீட்டுக்கும் வரும்."

"வரட்டும். என் வீட்டுக்கு வழி அதுக்குத் தெரியும்னு நீங்கதான சொன்னீங்க? வந்தா உக்கார வெச்சு, என் புருஷன் சாவ எதுக்குடா உன் தலையில கட்டினாங்கன்னு கேக்குறேன். இப்ப ரேடியோவத் தூக்குங்க."

"பையன்கிட்ட குடுத்து அனுப்புறேன்."

"பையன்கிட்ட குடுத்தனுப்பச் சொல்லவா நான் வந்தேன்? நீங்களே வரணும். குடுத்துட்டு, உக்காந்து, ஒரு டம்ளர் டீ குடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும். ஊருக்கே அதான் சட்டம்."

"எந்தச் சட்டம்?"

"இப்ப போட்டேன்."

பிற்பகல் தொழுகை முடிந்ததும் வகிதியை அவர் வீட்டுக்கே அழைத்துப் போனோம். ஒவ்வொருவராக அங்கே வந்தார்கள். என் மருமகள் குடையோடு வந்தாள். தலைவர் ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மங்குன் புதுச் சேவலோடு வந்தார், அது வழியெல்லாம் அவர் கையைக் கொத்தியிருந்தது. துமிரா வகிதியின் அடுப்பிலேயே, கல்கண்டு போட்டுக் கறுப்பாக டீ வைத்தாள். வந்தவர்கள் பாயில் வரிசையாக உட்கார்ந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரையையும் அடிக்கடி பார்த்தார்கள்.

வகிதிதான் வெடித்தார்.

"என்ன, என் ஜனாஸாவத் தூக்கிட்டுப் போகக் காத்திருக்கீங்களா? நான் இங்கதான்யா உக்காந்திருக்கேன்! ஏதாவது பேசுங்க, இல்ல எழுந்து போங்க!"

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மங்குன் தொண்டையைச் செருமினார்.

"உன் சேவல்... கொஞ்சம் முத்தல்தான் வகிதி."

"அது சண்டைச் சேவல்யா! கறிக்கா வளத்தேன் அத?"

யாரோ ஒருத்தி தாங்க முடியாமல் சிரித்தாள். பிறகு எல்லோரும். வகிதி சிரிக்கவில்லை, ஆனால் இரண்டாவது டம்ளர் டீ கேட்டார். இருட்டுவதற்குள் மங்குன் அவர் வீட்டில் படுப்பதென்று முடிவாயிற்று. "புலுங்கப் பாத்தவரு நீங்கதான, கூடவே இருந்து நல்லாப் பாருங்க" என்று துமிரா அவர் தலையில் கட்டிவிட்டாள். அடுத்தடுத்த நாளைக்கு மற்றவர்கள் முறை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் தலைவரின் மோட்டார் சைக்கிளில் வகிதியை நடுவில் வைத்து, பின்னால் துமிரா ஏறிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே ரஹாயு என்று ஒரு நர்ஸ். வகிதி பேசுவதை அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள். டாக்டரிடம் அழைத்துப் போனாள். இது நோய், பேர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, முழங்காலுக்கும் சேர்த்துப் பார்ப்போம் என்றார்கள். மருந்து பிடிக்கச் சில வாரமாகும், அதுவரை தனியாக விட வேண்டாம் என்றார்கள்.

துமிரா கேட்டாளாம்: "அம்மா, நான் அவரு மூஞ்சியப் பாத்து நேராக் கேட்டுட்டேன். ஊரே என்னத் திட்டுது. தப்பா?"

"தப்பே இல்ல. கேக்குறதால யாருக்கும் அந்த நெனப்பு புதுசா வராது. கேட்டாத்தான் எறக்கி வெப்பாங்க."

திரும்பி வந்து அதை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று கணக்கில்லை. தர்மானுக்கும் போன் போட வைத்தாள். அவளுக்குப் போன் எதற்கு, கடற்கரையில் நின்று கத்தினாலே போர்னியோவுக்குக் கேட்டிருக்கும். "பெருநாளைக்கு மட்டும்தான் உனக்கு அப்பாவாடா? உங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. மனசுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் கூப்பிடு. என்ன பேசுறதுன்னு தெரியலன்னா, இன்னைக்கு என்ன சாப்பிட்டன்னு சொல்லு, போதும்." அவன் அழுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் துமிரா திடீரென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பொய்.

காலையில் கூண்டு கம்பத்தின் உச்சியில் இருந்தால் வகிதி எழுந்துவிட்டார் என்று சந்துக்கே தெரியும். கேட்க வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். கொட்டும் மழை மாதத்தில் ஒரு நாள் கம்பம் வெறுமையாக இருந்தது. துமிரா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் திறந்துகொண்டது. வகிதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சு ஏறி இறங்கியது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"போயிடு துமிரா. இன்னைக்கு முடியல."

"போக மாட்டேன்."

"இப்படியே எத்தன நாளைக்குக் காவல் காப்ப? எனக்கே என்னச் சுமக்க முடியல."

"நீங்க ஒருத்தரே சுமக்கச் சொன்னது யாரு? எனக்கு மரவள்ளி உரிக்கணும். எங்க உரிச்சா என்ன, இங்கயே உரிக்கிறேன்."

என்னிடம் கூடையைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து இருவரும் உரித்தோம். அவள் அறிவுரை சொல்லவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. இந்த வருஷக் கிழங்கு எவ்வளவு நாரோடு இருக்கிறது என்று மட்டும் திட்டிக்கொண்டிருந்தாள். மங்குன் வந்து கதவோரம் உட்கார்ந்தார். மழை ஓய்ந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"புறாவுக்குத் தீனி வெச்சாச்சா?"

"எனக்கென்ன தெரியும் அது என்ன தின்னும்னு? எழுந்து வைங்க."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். அன்றே மறுபடியும் நர்ஸிடம் கூட்டிப்போனோம், மருந்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் மோசமான நாள்கள் வந்தன. ஆனால் அப்படிப்பட்ட நாளில் அவரே எங்கள் வீடுகளில் ஒன்றுக்கு நடந்து வந்து, "இன்னைக்கு நல்லால்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளப் பழகினார். யாரும் நகர்ந்து உட்காரவில்லை.

எங்கள் ஊரில் புலுங்கை நம்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். மங்குன் இப்போதும் பார்க்கிறார், அவர் கண்ணை யார் மாற்றுவது? மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் விழுந்தது என்று கேட்டால் கதவைச் சாத்துவோம். இப்போது கேட்டால் பெண்கள் டீத்தூளும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். போய், "என்ன ஆச்சு, எப்படி இருக்க, தூங்குறியா, சாகணும்னு தோணுதா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறார்கள். பலரும், அடச்சீ ஒன்றுமில்லை என்று சிரித்துத் துரத்துகிறார்கள். ஒன்றிரண்டு பேர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு ஆள் துணையோடு நர்ஸ் வரை போக வழி கிடைத்தது. ஒளி இருக்கிறதோ இல்லையோ, அது எங்களுக்கு உளவு சொல்லட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பாள் துமிரா.

போன கோடையில் மங்குன் சந்தில் தடியை ஊன்றி ஊன்றி வந்தார். இந்தத் தடவை துமிராவின் கூரையில் விழுந்தது என்றார்.

நான் டீத்தூளைத் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் வகிதி அங்கே இருந்தார். முழங்கால் வலியோடு எப்படி அவ்வளவு வேகமாக வந்தாரோ. கையில் புறாக் கூண்டு. துமிரா அடுப்பருகே மாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"பறவையத் தூக்கிட்டு வந்துட்டீங்களா மறுபடியும்? எனக்கு வேணாம்."

"உனக்குக் குடுக்க வரல. ராத்திரி இங்கதான் தங்கப்போறேன், அது தனியா இருக்காது." கூண்டைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு நேராக நின்றார். "துமிரா, சாகணும்னு தோணுதா?"

அவள் கரண்டி நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எவ்வளவோ பேரைக் கேட்டிருக்கிறாள். அவளை ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு சத்தம் போடுகிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"சில நாள் தோணும்" என்றாள். "என் புருஷன் செத்த மாசம் வந்தாத் தோணும். இன்னைக்கு இல்ல."

"தோணுற அன்னைக்கு?"

"சொல்றேன்."

"ஒளிக்கக் கூடாது."

"சொல்றேன்யா. அதுக்குத்தான தொண்டை இருக்கு."

கண்ணைக் கைலி முனையால் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று சாக்குச் சொல்லவும் இல்லை. அதற்குள் மங்குனும் தலைவரும் என் மருமகளும் வந்து உட்கார இடம் தேடினார்கள், பாய் போதவில்லை. துமிரா எழுந்து முற்றத்துக்கு வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தன் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இங்க ஆள் இருக்கு! எடமில்ல, போ!"

குன்றுக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்தின.